நள்ளிரவுக்கு 33 நிமிடம் முன்பு: ஒரு கடலூர் வழக்கும் இரண்டு தண்டனைச் சட்டங்களும்

ஒரு மேஸ்திரியின் கூலி நோட்டும், பஞ்சர் கடைச் சுவரில் தொங்கிய கடிகாரமும் சேர்ந்து ஒரு கிரிமினல் வழக்கின் போக்கையே மாற்றின. கடலூரில் ஒரு குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் நான் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தரப்பில் நடத்திய வழக்கு அது. வெறும் அடிதடி வழக்குதான், பேப்பரில் நாலு வரி வந்திருந்தாலே அதிகம். ஆனால் சம்பவம் நடந்தது 2024 ஜூன் 30 ராத்திரி. விடிந்தால் ஜூலை 1. இந்திய தண்டனைச் சட்டமும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் ஒரே நாளில் விடைபெற்று, பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, பாரதிய சாக்‌ஷிய அதினியம் வந்த நாள். கோர்ட்டில் பிஎன்எஸ், பிஎன்எஸ்எஸ், பிஎஸ்ஏ என்றுதான் சொல்கிறோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். தேதியையும் மணியையும் மட்டும் தொடவில்லை. அவை இல்லாவிட்டால் இந்த வழக்கில் பேச ஒன்றுமில்லை.

சம்பவம்

புதுச்சேரியிலிருந்து கடலூர் வரும் சாலையில் கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் தாண்டினால் முள்ளோடை. அதோடு யூனியன் பிரதேசம் முடிகிறது. அதற்குத் தெற்கே தமிழ்நாடு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அந்த எல்லை எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடக்கே குடித்துவிட்டுத் தெற்கே வீடு திரும்புகிறவர்கள், நடுவில் பரோட்டா வண்டி, பஞ்சர் கடை, ஓரமாக நிற்கும் மினி லாரிகள்.

என் கட்சிக்காரர் 26 வயது மினி லாரி டிரைவர். வண்டியை ரிவர்ஸ் எடுத்தபோது நிறுத்தியிருந்த ஒரு பைக்கில் உரசியது. பைக்குக்கு உரியவர் பாகூர் பக்கத்துக் கொத்தனார், கூட இரண்டு நண்பர்கள். வாய்த்தகராறு முற்றி, டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்த ஜாக்கி லீவரை எடுத்துத் தலையில் ஒரு அடி. ஒரே அடிதான். இதில் பெரிய சர்ச்சை எதுவும் எங்களுக்கு இல்லை. கட்சிக்காரர் முதல் நாளே என்னிடம், "அடிச்சது நான்தான் சார், ஆனா அவங்க மூணு பேரு" என்றார்.

காயம்பட்டவரை அந்த வழியாக வந்த லோடு ஆட்டோவில் ஏற்றிப் புதுச்சேரியிலுள்ள ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விபத்துப் பதிவேட்டில், அதாவது நாம் ஏ.ஆர். என்று சொல்வதில், வந்த நேரம் நள்ளிரவு 12.40, தேதி 1.7.2024. சம்பவ நேரம் "இரவு 12 மணி அளவில்" என்று இருக்கிறது. யார் அப்படிச் சொன்னார்கள், எந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கும் கவலையில்லை. விடியற்காலை புதுச்சேரி போலீஸ் வாக்குமூலம் வாங்கியது. சம்பவ இடம் தங்கள் எல்லையில் இல்லாததால் பிஎன்எஸ்எஸ் 173இன்படி ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டுக் கடலூர் மாவட்டக் காவல் நிலையத்துக்கு அனுப்பினார்கள். இங்கே ஜூலை 1 சாயங்காலம் வழக்குப் பதிவானது. பிஎன்எஸ் 296(பி), 126(2), 118(2), 351(3). பழைய பாஷையில் 294(பி), 341, 326, 506(2). அதாவது ஆபாசப் பேச்சு, வழிமறிப்பு, ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம், கொலை மிரட்டல். கெட்ட வார்த்தையும் கொலை மிரட்டலும் இல்லாத ஓர் அடிதடிக் குற்றப்பத்திரிகையை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. சட்டம் மாறினாலும் எஃப்.ஐ.ஆர். எழுதும் ஸ்டேஷன் ரைட்டர் கை மாறவில்லை.

ஜூலை 3 கைது, ரிமாண்ட், கேப்பர் மலை ஜெயில். அந்த வாரம் தமிழ்நாடு முழுக்க வழக்கறிஞர் சங்கங்கள் புதிய சட்டங்களை எதிர்த்து நீதிமன்றப் புறக்கணிப்பில் இருந்தன. நானும் வாசலில் நின்று கோஷம் போட்டவன்தான். தமிழ்நாட்டு வக்கீலும் போலீஸும் உச்சரிக்கத் தடுமாறும் பெயர்களை வைத்ததும், விவாதிக்க அவகாசமில்லாமல் நிறைவேற்றியதும் தவறு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்த டிரைவரின் அம்மா என் ஆபீஸ் திண்ணையில் மூன்று நாள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனதையும் மறக்க முடியவில்லை. ஜாமீன் கிடைக்க இரண்டு வாரம் ஆனது.

ஏன் அந்த 33 நிமிடம்

காயம்பட்டவருக்கு மண்டையில் ஆறு தையல். எலும்பு முறிவு இல்லை, சி.டி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஜூலை 5 டிஸ்சார்ஜ். டாக்டர் முதலில் கொடுத்த காயச் சான்றிதழில் "சாதாரண காயம்" என்றே எழுதியிருந்தார். பிறகு விசாரணை அதிகாரி ஒரு கடிதம் எழுதி, காயம்பட்டவர் 15 நாளுக்கு மேல் வேலைக்குப் போகவில்லை என்று சொல்லிக் கருத்துக் கேட்டார். இரண்டாவது சான்றிதழில் "கொடுங்காயம்" ஆனது.

டாக்டர் செய்ததில் தப்பில்லை. புதிய சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எது கொடுங்காயம் என்று பழைய சட்டத்தின் 320வது பிரிவு எட்டு வகை சொன்னது. எட்டாவது வகை, உயிருக்கு ஆபத்தான காயம் அல்லது 20 நாள் கடும் உடல்வலியில் கிடக்க வைக்கும், வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போக வைக்கும் காயம். பிஎன்எஸ் 116இலும் அதே எட்டு வகைதான். ஆனால் எட்டாவது வகையில் 20 நாள் 15 ஆகிவிட்டது. புதிய சட்டத்தைப் பற்றி நடந்த பயிற்சிக் கூட்டங்களில் தேசத்துரோகம் போனதா வந்ததா என்றுதான் மணிக்கணக்கில் பேசினார்கள். இந்த ஐந்து நாளைப் பற்றி ஒருவர்கூட வாய் திறந்து நான் கேட்கவில்லை. கீழ் கோர்ட்டில் தினமும் ஓடுவது அடிதடி வழக்குகள். எலும்பு முறியாத காயங்களில் இந்த ஐந்து நாள்தான் வழக்கின் உயரத்தை முடிவு செய்யும்.

நம் கொத்தனார் வேலைக்குப் போகாத நாட்கள் 17. பழைய சட்டத்தில் அது சாதாரணக் காயம். ஆபத்தான ஆயுதத்தால் ஏற்படுத்திய காயம் என்று இ.த.ச. 324இல் வரும், அதிகபட்சம் மூன்று ஆண்டு. புதிய சட்டத்தில் அது கொடுங்காயம். 118(2), ஆயுள் வரை போகலாம். இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். பழைய 326இல் குறைந்தபட்சத் தண்டனை கிடையாது. 118(2)இல் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய குற்றம் என்பதால் நன்னடத்தைச் சட்டம் 1958இன் 4வது பிரிவும் அண்டாது. 324 என்றால் அந்தக் கதவு திறந்திருக்கும்.

ஆக, அடி விழுந்தது ஜூன் 30 ராத்திரி 11.27க்கு என்றால் பையன் வீட்டுக்குப் போக வழியிருக்கிறது. ஜூலை 1 அதிகாலை 12.14க்கு என்றால் நடுவரே இரக்கப்பட்டாலும் ஒரு வருஷம் ஜெயில். அரசியலமைப்பின் 20(1) சொல்வது, செயல் நடந்த நேரத்தில் அமலிலிருந்த சட்டத்தில் இருந்ததைவிட அதிகத் தண்டனை கூடாது என்பது. பிஎன்எஸ் 358உம் பழைய சட்டத்தின்கீழ் ஏற்பட்ட பொறுப்புகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

எல்லை தாண்டினால் சட்டம் மாறுவது இந்தச் சாலைக்குப் புதிதல்ல. 1918 நவம்பர் 20இல் பிரெஞ்சுப் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியைப் பிரிட்டிஷ் போலீஸ் கடலூர் பக்கத்தில் பிடித்தது. டிசம்பர் 14 வரை கடலூர் சிறை. அன்றைக்கு எல்லைக்கோடு தரையில் கிடந்தது, இந்த வழக்கில் அது கடிகாரத்தில் கிடந்தது.

பென் டிரைவ்

அரசு தரப்பின் பலமான ஆதாரம் பஞ்சர் கடை கேமரா. ஜூலை 2 காலை எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு உதவி ஆய்வாளர், போய்க் கடைக்காரரின் டி.வி.ஆர். பெட்டியிலிருந்து ஒரு பென் டிரைவில் காட்சியை இறக்கி, மகஜர், அதாவது கைப்பற்றியதற்கான குறிப்பு, போட்டுக் கைப்பற்றினார். டி.வி.ஆரையோ அதன் ஹார்டு டிஸ்க்கையோ எடுக்கவில்லை. அடுத்த சில வாரங்களில் அதன்மேலே புதுப் பதிவு ஏறி, மூலக் காட்சி அழிந்துபோனது. காட்சியின் மூலையில் எழுத்து தெளிவாக இருந்தது: 01-07-2024 00:14. குற்றப்பத்திரிகையில் பிஎன்எஸ் பிரிவுகள் உட்கார்ந்தது இந்த ஒரு வரியின் மேல்.

பிஎஸ்ஏ 63(4)இன்படி சான்றிதழும் இருந்தது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பியில் ஒரு பொறுப்பான ஆள் கையெழுத்துப் போட்டால் போதும். இப்போது சட்டத்தின் அட்டவணையிலேயே படிவம் இருக்கிறது. பகுதி 'அ'வில் கருவியைக் கையாண்டவர், பகுதி 'ஆ'வில் நிபுணர். கருவியின் வகை, மாடல், வரிசை எண், ஹேஷ் மதிப்பு, எந்த அல்காரிதம், எல்லாம் எழுத வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு புள்ளி மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும்.

இந்த வழக்கில் பகுதி 'அ'வைக் கடைக்காரர் நிரப்பியிருந்தார், அதாவது ரைட்டர் எழுதிக் கடைக்காரர் கையெழுத்துப் போட்டிருந்தார். பகுதி 'ஆ'வில் டவுனில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் ஒரு டிப்ளமோக்காரர். ஹேஷ் எடுத்த தேதி ஆகஸ்ட் 12. பென் டிரைவ் கைக்கு வந்த ஜூலை 2இலிருந்து 41 நாள். ஆகஸ்ட் 12க்குப் பிறகு யாரும் தொடவில்லை என்பதற்கு அந்த எண் சாட்சி. அதற்கு முந்தைய 41 நாளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

என் ஜூனியர் இதைப் படித்ததும் துள்ளிக் குதித்தாள். "சார், மார்க் பண்ணும்போதே அப்ஜெக்ஷன் பண்ணிடலாம். எக்ஸ்பர்ட்டே எக்ஸ்பர்ட் இல்ல, ஹேஷ் லேட், டி.வி.ஆர். எடுக்கல. மொத்தமும் போயிடும்."

மார்க் பண்ணுவது என்றால் ஓர் ஆவணத்தைச் சாட்சியமாகக் கோர்ட் குறித்துக்கொள்வது. நல்ல எதிர்ப்புதான். ஆனால் எப்போது எதிர்ப்பது, எதிர்க்கவே வேண்டுமா என்ற கேள்வியில் நான் நாலு நாள் தூங்கவில்லை. 2014இல் உச்ச நீதிமன்றத்தின் அன்வர் வழக்கு சான்றிதழைக் கட்டாயமாக்கியது. நடுவில் 2018இல் ஷஃபி முகமது அதைத் தளர்த்தியது. 2020 ஜூலை 14இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் மறுபடி கட்டாயம் என்றார்கள். ஆனால் அதே தீர்ப்பில், விசாரணை முடிவதற்குள் சான்றிதழைத் தாக்கல் செய்யக் கோர்ட் அனுமதிக்கலாம் என்றும் சொன்னார்கள். நாம் சீக்கிரமே எதிர்த்தால் அரசு தரப்பு ஓட்டையை அடைத்துக்கொண்டு வரும். சும்மா இருந்து மேல்முறையீட்டில் கிளப்பலாம் என்றால், 2017இன் சோனு வழக்கு குறுக்கே நிற்கிறது. நிரூபிக்கும் முறை பற்றிய ஆட்சேபணையை மார்க் செய்யும்போதே சொல்ல வேண்டும், மேல்முறையீட்டில் முதல்முறையாகச் சொல்லக் கூடாது என்கிறது அது. போதாததற்கு, பிஎஸ்ஏ 57இல் ஒரு புது விளக்கம் வந்திருக்கிறது: முறையான பொறுப்பிலிருந்து வரும் மின்னணுப் பதிவு, மறுக்கப்படாதவரை முதன்மைச் சாட்சியம். 63உக்கும் இதற்கும் எப்படி ஒத்துப்போகிறது என்பதைப் பெரிய கோர்ட்டுகள் பார்த்துக்கொள்ளட்டும். விசாரணை வக்கீலுக்கு அதில் புரிய வேண்டியது, மௌனத்துக்கு விலை ஏறிவிட்டது என்பதுதான்.

நிபுணர் விஷயமும் ஜூனியர் நினைத்த அளவு சுலபமில்லை. பிஎஸ்ஏ 39(2) சொல்வது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79ஏயின்கீழ் அறிவிக்கப்பட்ட பரிசோதகரை. ஆனால் 63(4) "நிபுணர்" என்று மட்டுமே சொல்கிறது. 39(1)இல் "வேறு எந்தத் துறையும்" என்ற வார்த்தைகளைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். அந்த டிப்ளமோக்காரரை உள்ளே கொண்டுவர அது போதும் என்று எந்த ஏபிபியும், அதாவது அரசு உதவி வழக்கறிஞரும், வாதாடுவார்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் வேறு. காட்சி போனால் என்ன மிச்சம்? நண்பர்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே பிறழ் சாட்சிகளாகிவிட்டார்கள். ஆனால் அடிபட்டவர் நிற்கிறார். காயம்பட்ட சாட்சியின் வார்த்தைக்கு உள்ள கனம் எல்லோருக்கும் தெரியும். அவர் "12 மணி அளவில்" என்றுதான் சொல்வார். காட்சியை வெளியேற்றினால் குற்றவாளி என்ற முடிவும் மாறாது, நேரமும் கைநழுவிப் போகும்.

கடிகாரம்

நேரம் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்ல வேண்டும். பிஎன்எஸ்எஸ் 105, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி ஒளியோடு பதிவு செய்யச் சொல்கிறது, முடிந்தால் மொபைலிலேயே. பதிவைத் தாமதமில்லாமல் நடுவருக்கு அனுப்ப வேண்டும். எஸ்.எஸ்.ஐ. தன் சொந்த போனில் எடுத்திருந்தார். கோர்ட்டுக்கு வர 11 நாள் ஆனது. எங்களுக்குக் கொடுத்த நகல் கட்டில் அது இல்லவே இல்லை. 230இன்படி எதிரி ஆஜரான 14 நாளுக்குள் நகல் தர வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் "சிடி போட ஆள் இல்லை" என்றார்கள். மெமரி கார்டின் உள்ளடக்கமும் ஆவணமே, எதிரிக்கு நகல் தர வேண்டும் என்ற 2019ஆம் ஆண்டின் கேரள நடிகர் வழக்குத் தீர்ப்பைக் காட்டி மனுப் போட்டு, ஐந்து மாதம் கழித்துத்தான் கிடைத்தது. 262இன்படி விடுவிப்பு மனுப் போட வேண்டிய 60 நாள் அதற்குள் எப்போதோ கடந்துவிட்டது.

நானும் அதை முதலில் ஒழுங்காகப் பார்க்கவில்லை. ஆறு நிமிட வீடியோ, ஆட்டம் அதிகம், பாதி நேரம் தரையைக் காட்டுகிறது. ஜூனியர்தான் ஓட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு ஓரிடத்தில் நிறுத்தினாள். கேமரா டி.வி.ஆர். மானிட்டரிலிருந்து விலகிச் சுவருக்குப் போகிறது. மானிட்டரில் அந்த நொடியில் ஓடும் நேரம் 11:02. பக்கத்தில் டயர் கம்பெனி விளம்பரக் கடிகாரம். அதில் 10.15.

சுவர்க் கடிகாரம்தான் சரி என்று எப்படிச் சொல்வது? மகஜரை எடுத்தோம். எஸ்.எஸ்.ஐ. கைப்பட எழுதியிருக்கிறார்: "காலை 10.10 மணிக்குத் தொடங்கி 10.45 மணிக்கு முடித்து." வீடியோ கோப்பின் உள்விவரத்தில் போன் பதிந்த நேரம் 10.14. மூன்றும் ஒத்துப்போகின்றன. டி.வி.ஆர். மட்டும் 47 நிமிடம் முன்னால் ஓடுகிறது. 00:14இலிருந்து 47ஐக் கழித்தால் முந்தைய நாள் இரவு 11.27.

அன்றைக்கே ஜூனியரிடம் சொன்னேன், காட்சிக்கு ஆட்சேபணை கிடையாது, சிரித்துக்கொண்டே மார்க் பண்ண விடப் போகிறோம் என்று. அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆட்சேபணைக் குறிப்பு எட்டுப் பக்கம் தயார் செய்து வைத்திருந்தாள்.

கூண்டில்

கடைக்காரர் அ.சா.3, அதாவது அரசு தரப்பின் மூன்றாவது சாட்சி. முதல் விசாரணையில் சொல்லிக்கொடுத்தபடி சொன்னார். குறுக்கு விசாரணையில் நான் கேட்டது மொத்தம் ஆறே கேள்வி. டி.வி.ஆரில் தேதி, நேரம் வைத்தது யார்? "மாட்டிக் குடுத்த பையன் வச்சான் சார்." நீங்கள் எப்போதாவது மாற்றினீர்களா? "பாஸ்வேர்டு தெரியாது சார். அவன் நம்பரும் இல்ல." கரண்ட் போனால் நேரம் மாறுமா? "மாறாது சார், அது எப்பவும் முக்கா மணி நேரம் ஜாஸ்தியாத்தான் காட்டும். வாங்குனதுலேர்ந்தே அப்படித்தான்." ஏபிபி தலையை நிமிர்த்தினார். நான் உட்கார்ந்துவிட்டேன். ஏழாவது கேள்வி கேட்டு வழக்கைக் கெடுத்துக்கொண்டவர்களை என் சீனியர் காலத்திலிருந்து பார்த்து வருகிறேன்.

எஸ்.எஸ்.ஐ. வந்தபோது வீடியோவைத் திரையில் ஓட்டச் சொன்னேன். எந்த நேரம் சரி என்று கேட்டதற்கு, மகஜரில் தான் எழுதியதே சரி என்றார். வேறென்ன சொல்வார்? மகஜர் நேரம் தப்பு என்றால் கைப்பற்றுதலே சந்தேகமாகிவிடும்.

ஏபிபி திறமைசாலி. மறு விசாரணையில் ஆஸ்பத்திரி நேரத்தைப் பிடித்தார். 12.14க்கு அடி, 12.40க்கு ஆஸ்பத்திரி, 26 நிமிடம். தூரத்துக்கு ஒத்துப்போகிறது. 11.27 என்றால் 73 நிமிடம் என்ன செய்தார்கள்? இதற்கு எங்களிடம் நேரடிப் பதில் இல்லை. அடிபட்டவரே குறுக்கு விசாரணையில், முதலில் கடலூர் பக்கம் ஒரு கிளினிக் போய்க் கதவைத் தட்டியதாகவும், திறக்காததால் திரும்பிப் புதுச்சேரி போனதாகவும் சொல்லியிருந்தார். எவ்வளவு நேரம் தட்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இதை உறுதிப்படுத்த, நண்பர் ஒருவர் அன்றிரவு காயம்பட்டவரின் அண்ணனுக்குப் போன் செய்த விவரத்தைத் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டு பிஎன்எஸ்எஸ் 94இன்கீழ் மனுப் போட்டேன். பட்டியல் வந்தது. 11.34க்கு அழைப்பு. மனசு குளிர்ந்தது. ஆனால் அதற்கான சான்றிதழில் பகுதி 'அ' மட்டும் வந்தது, பகுதி 'ஆ' வரவில்லை. ஏபிபி எழுந்து, நான் மற்ற வழக்குகளில் அவருக்கு எதிராகப் படிக்கும் அதே அர்ஜுன் பண்டித்ராவைப் படித்தார். ஒரு வரி விடாமல். நிபுணர் கையெழுத்துக்காக இரண்டு வாய்தா அலைந்தும் கிடைக்கவில்லை. ஒத்திவைப்பு இரண்டுக்கு மேல் இல்லை என்று 346 சொல்வதை நடுவர் அம்மா நினைவூட்டினார். அந்தப் பட்டியல் கடைசிவரை மார்க் ஆகவில்லை. எதிரி தரப்புக்கு நிபுணர் எங்கே கிடைப்பார் என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. போலீஸுக்குத் தடயவியல் துறை இருக்கிறது. ஜாக்கி லீவரோடு ஜெயிலுக்குப் போன டிரைவருக்கு யார்?

நோட்டு

அ.சா.4 மேஸ்திரி. 15 நாளைத் தாண்டி வேலைக்கு வரவில்லை என்று காட்டத்தான் அரசு தரப்பு அவரைக் கொண்டுவந்தது. ரப்பர் பேண்ட் போட்ட நீள நோட்டு. ஜூலை 1 முதல் 17 வரை கொத்தனார் பெயருக்கு நேரே கோடு. 18 வியாழக்கிழமை முழு நாள், 19 முழு நாள், 20 முழு நாள்.

15ஐத் தாண்டியதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. 20ஐ எட்டவில்லை என்பதற்கும் இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. ஒன்றே ஒன்று கேட்டேன்: 20ஆம் தேதி என்ன வேலை? "மேல பூச்சு வேல. சாரத்துல."

வாதத்தின்போது குற்றச்சாட்டைத் திருத்தும்படி பிஎன்எஸ்எஸ் 239இன்கீழ் மனுக் கொடுத்தேன். ஏபிபியின் முக்கிய வாதம், ஒரே வழக்கை இரண்டு படகில் ஓட்டக் கூடாது என்பது. எஃப்.ஐ.ஆர்., விசாரணை, சாட்சியம் எல்லாம் புதுச் சட்டம், தண்டனை மட்டும் பழசா? பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் மூன்று சட்டங்களிலும் காப்புப் பிரிவுகள் தனித்தனியாக இருக்கின்றன. பிஎன்எஸ்எஸ் 531உம் பிஎஸ்ஏ 170உம் கேட்பது, ஜூலை 1க்கு முன்பே விசாரணை நிலுவையில் இருந்ததா என்று. இங்கே இல்லை, எனவே நடைமுறையும் சாட்சியமும் புதுசு. தண்டனைச் சட்டம் கேட்பது வேறு: கை ஓங்கியது எப்போது? நடைமுறைச் சட்டத்தில் யாருக்கும் நிலைபெற்ற உரிமை கிடையாது, தண்டனையில் உண்டு. பின்னால் வந்த சட்டம் எதிரிக்குச் சாதகமாக இருந்தால் முன்தேதிக்குக் கொடுக்கலாம் என்பதற்கு ரத்தன்லால் வழக்கு, 1965 ஏஐஆர். பாதகமாக இருந்தால் கொடுக்க முடியாது.

குற்றச்சாட்டு இ.த.ச. 324ஆக மாறியது. 240இன்படி சாட்சிகளை மறுபடி அழைக்க அரசு தரப்புக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். கொத்தனாரை மீண்டும் கூண்டில் ஏற்றினார்கள். ஒரு மாதம் தலைவலி இருந்தது என்றார். இருந்திருக்கும், நான் அதைப் பொய் என்று சொல்லவில்லை. சாரத்தில் ஏறிப் பூச்சு வேலை செய்ய முடிந்ததா என்று மட்டும் கேட்டேன். "ஏறித்தான் ஆவணும் சார், வீட்ல அரிசி இல்ல" என்றார். கோர்ட்டில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அந்தப் பதில் எனக்குச் சாதகமாகப் பதிவானது. அப்படிப் பதிவானதில் எனக்குச் சந்தோஷமில்லை.

தீர்ப்பு

294(பி), 506(2) இரண்டிலும் விடுதலை, என்ன வார்த்தை சொன்னார் என்றே யாரும் சொல்லவில்லை. 341இலும் விடுதலை. 324இல் குற்றவாளி. சம்பவ நேரத்தைப் பொறுத்தவரை, அரசு தரப்பின் காட்சியே அரசு தரப்பின் வீடியோவால் சந்தேகத்துக்கு உள்ளாவதால் ஐயத்தின் பலன் எதிரிக்கு, எனவே பழைய சட்டமே பொருந்தும் என்று எழுதினார்கள். நன்னடத்தை அலுவலரின் அறிக்கை பெற்று, ஓராண்டு பிணைப் பத்திரத்தில் விடுவித்து, நன்னடத்தைச் சட்டத்தின் 5வது பிரிவின்படி காயம்பட்டவருக்கு 15,000 ரூபாய் இழப்பீடு. 12வது பிரிவு இருப்பதால் இந்தத் தண்டனையைக் காரணம் காட்டி அவருக்குத் தகுதியிழப்பு வராது. டிரைவர் மறுபடி வண்டி ஓட்டுகிறார்.

டிப்ளமோக்காரர் நிபுணரா இல்லையா, 41 நாள் தாமதமான ஹேஷ் போதுமா என்ற கேள்விகளை நாங்கள் கிளப்பவில்லை, கோர்ட்டும் தொடவில்லை. வேறொரு வழக்கில் யாராவது தொடுவார்கள்.

கொத்தனார் மேல்முறையீடு செய்திருக்கிறார். குறைந்த குற்றத்தில் தண்டித்தாலும், இழப்பீடு போதாவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம் என்று பிஎன்எஸ்எஸ் 413இன் காப்புரை சொல்கிறது. 17 நாள் கூலியையும் ஆறு தையலையும் பார்த்தால், இழப்பீடு போதவில்லை என்ற காரணத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அதை எதிர்த்து நான் பெரிதாக ஒன்றும் எழுதப் போவதில்லை. மேல்முறையீட்டு மனுவிலுள்ள நான்காவது காரணம்தான் கவனிக்க வேண்டியது. 105 வீடியோவுக்குப் பகுதி 'ஆ' சான்றிதழ் இல்லை, எனவே கடிகார நேரத்தைக் கோர்ட் பார்த்திருக்கவே கூடாது என்கிறார் அவருடைய வக்கீல். பகுதி 'ஆ' இல்லை என்பது உண்மை. போலீஸ் அதைத் தாக்கல் செய்தபோது ஏபிபியும் ஆட்சேபிக்கவில்லை, நானும் ஆட்சேபிக்கவில்லை. ஜூனியர் இப்போது சோனு வழக்கை வைத்துப் பதில் தயாரித்துக்கொண்டிருக்கிறாள். அந்த எட்டுப் பக்கக் குறிப்பில் மூன்று பக்கம் அப்படியே பயன்படுகிறது.